சாமான் சாகாத வீடு

இணுவிலில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் ஐயாவின் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். "ஓ, அந்தக் கம்பி நட்ட வீடோ? நேரை போங்கோ, வானத்தைப் பாத்தபடி போங்கோ" என்பார்கள். நீங்களும் அந்த ஒழுங்கையால்தானே பள்ளிக்கூடம் போய்வந்தனீங்கள். கிடுகு வேலிக்கு மேலால், கமுகுகளுக்கும் மேலால், மீன்முள்ளுப் போல அலுமினியக் குழாய்களை விரித்துக்கொண்டு நின்ற அந்த அன்ரெனாவை ஒருநாளாவது அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அது சின்னையாவின் வேலை.

எண்பதுகளின் பின்பாதி அது. ரூபவாகினிக்குக் கொக்காவில் கோபுரம். தூரதர்ஷனுக்குக் கொடைக்கானல். ஒன்று தெற்கே, மற்றது கடலுக்கு அங்கால் மேற்கே. கையில் காசு புழங்கிய வீடுகளில் இரண்டு அன்ரெனா நட்டார்கள். சின்னையா ஒன்றுதான் நட்டார், ஆனால் அதைச் சுழல வைத்தார். அப்புவின் பழைய றலி சைக்கிள் ஒன்று கோடிக்குள் சாத்திக் கிடந்தது. அதன் முன்சில்லைக் கழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, ஹப்பை மட்டும் எடுத்து, நட்ட இரும்புக் குழாயின் உச்சியில் பூட்டி, அதற்கு மேல் அன்ரெனாவை ஏற்றினார். இரண்டு பக்கமும் நைலோன் கயிறு. கயிறு விறாந்தை யன்னலால் உள்ளே வரும்.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' தொடங்க முன்னம் எங்கள் வீட்டில் வேறொரு நிகழ்ச்சி தொடங்கிவிடும். சின்னையா கயிற்றில், சின்னம்மா ரீவிக்கு முன்னால்.

"இப்ப எப்பிடி?"

"ஆக்கள் தெரியினம், சத்தம் இல்லை."

"இப்ப?"

"சத்தம் வருது, ஆக்களைக் காணேல்லை."

"கொஞ்சம் பொறும்... இப்ப?"

"ஐயோ, விட்டிட்டீங்களே! உப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

பாட்டு முடியும்வரை சின்னையா கயிற்றைப் பிடித்தபடியே நிற்பார். ஒரு பாட்டையும் அவர் பார்த்ததில்லை. சோளகம் பெயர்ந்தால் அன்ரெனா தானாகத் திரும்பிவிடும், பாட்டு நடுவில் அறுந்து சிங்களச் செய்தி வரும். விறாந்தையில் பாய் விரித்து இருக்கிற அயலட்டைச் சனம் எல்லாம் 'ஓ' என்று கத்தும். நீங்களும் கத்தியிருக்கிறீர்கள்.

சின்னையாவுக்கு உத்தியோகம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுவது. பின்னேரம் வந்து, முகம் கால் கழுவி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டிலை ஒட்டின பத்திக்குள் புகுந்தாரென்றால் விளக்கு வைத்த பிறகுதான் வெளியில் வருவார். அந்தப் பத்திக்கு ஒரு மணம் இருந்தது. என்ஜின் ஒயில், சுருட்டுப் புகை, துருப்பிடித்த இரும்பு, பக்கத்தில் மாட்டுச் சாணி, எல்லாம் சேர்ந்த மணம். சுவரோரம் பலகைத் தட்டு. தட்டில் வரிசையாகப் பால்மா ரின்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை எனாமலால் கணக்குப் புத்தக எழுத்தில் எழுதியிருக்கும்: 'அரை அங்குலம்', 'முக்கால் அங்குலம்', 'வளைஞ்ச ஆணி', 'நிமித்தின ஆணி'. எல்லாத்திலும் பெரிய ரின்னில் 'தேவைப்படும்'. எதிலிருந்து கழன்றது, எதற்குப் போகும் என்று தெரியாத சாமான் எல்லாம் அதற்குள்தான் போகும். எங்கள் வீட்டில் ஒரு சாமானும் செத்துப் போகாது. பிறப்புத்தான் மாறும்.

எல்லாம் சரிவந்தது என்று சொல்லமாட்டேன். கோழிக்கூட்டுக்கு அவர் செய்த தானியங்கிக் கதவை ஊரே வந்து பார்த்தது. பின்னேரம் கோழி கூட்டுக்குள் போய்ப் பலகையில் ஏறினதும், பலகை தாழ்ந்து, கயிறு இழுபட்டு, கதவு தானாகச் சாத்தும். மரநாய்க்குப் பயமில்லை. ஒரேயொரு குறைதான். முதல் கோழி ஏறினதும் கதவு சாத்திவிடும், மற்றக் கோழிகள் எல்லாம் வெளியில். ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மோனை, ஒரு கோழி வளக்கிறதெண்டால் உது நல்ல கதவு."

துலாவுக்குப் பெயரிங் போட்ட கதை தெரியும்தானே. ஆடுகாலில் துலா கிறீச் கிறீச்சென்று கத்துகிறது என்று, எங்கேயோ லொறியில் கழன்ற பெயரிங்கைக் கொண்டுவந்து அச்சுக்குப் பூட்டினார். சத்தம் நின்றது உண்மை. அப்பு வழக்கம்போல வாளியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார். துலா வழுக்கிக்கொண்டு போய், வாளி கிணற்றுச் சுவரில் அடிபட்டு நெளிந்தது. அப்புவுக்குக் கோபம் தண்ணீர் சிந்தினதற்கு இல்லை. "சத்தம் போடாத துலா என்னடா துலா? ஆர் இறைக்கினம் எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார். உண்மைதான். விடியற்காலை அந்தக் கிறீச்சுச் சத்தத்தை வைத்துத்தான் எந்த வீட்டில் ஆர் எழும்பிவிட்டார்கள் என்று அறிவோம். சின்னையா பெயரிங்கைக் கழற்றி 'தேவைப்படும்' ரின்னுக்குள் போட்டார்.

"விசர் மனிசன்" என்பதுதான் ஊர் அவருக்குக் கொடுத்த பட்டம். அன்போடுதான் சொன்னார்கள், ஆனாலும் அதைத்தான் சொன்னார்கள்.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. லக்சபானாவிலிருந்து வந்த கரண்ட் நின்றது. யாழ்தேவி நின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. மண்ணெண்ணெய், பெற்றோல், சவர்க்காரம், சீமெந்து, ரோச் பற்றறி என்று ஒவ்வொன்றாக அரசாங்கத்தின் தடைப்பட்டியலில் ஏறியது. கொக்காவில் கோபுரமும் அந்த யூலையில் போயிற்று. ஒரு மாதத்துக்குள் எங்கள் ரீவி, மேலே பூச்சாடி வைக்கிற பெட்டியாகிவிட்டது. அப்போதுதான் ஊர்ச்சனம் ஒவ்வொருவராகப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். "அண்ணை நிக்கிறாரோ? சும்மா ஒரு விசயம் கேப்பமெண்டு..." விசர் மனிசன் பத்திக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறார்.

முதலில் பங்கர். வளவில் எங்கே வெட்டுவது என்று இரண்டு நாள் வாக்குவாதம். எங்களூர் செம்பாடு பார்க்க மெத்தென்று இருக்கும். நாலடி போனால் பார். அலவாங்கு 'ணங்' என்று திரும்பி வரும், கை விறைக்கும். ஆகவே பாதி நிலத்துக்குக் கீழ், பாதி மேல். சின்னையா நிலத்தில் சாம்பலால் 'ட' கீறினார். நேராக வெட்டினால் வாசலில் விழுகிற ஷெல்லின் சிதறல் நேராக உள்ளே வந்துவிடும், வளைத்து வெட்டினால் மூலைச்சுவர் அதை வாங்கும் என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார். மேலே பனங்குற்றி. கோண்டாவில், இணுவில் பக்கத்து றெயில் பாதையிலிருந்து சிலிப்பர் கட்டையும் தண்டவாளத் துண்டும் மாட்டுவண்டியில் வந்தன. அதற்கு மேல் பொலித்தீன், அதற்கு மேல் மண்மூட்டை. யூரியாப் பை முடிந்துபோக, சின்னம்மா பழைய சேலைகளை மடித்துத் தைத்துக் கொடுத்தார். எங்கள் பங்கரின் ஒரு பக்கம் பூப்போட்ட வொயில்.

எல்லா வீட்டுப் பங்கரும் இதுதான். சின்னையா வீட்டுப் பங்கர் அதோடு நிற்குமா? அன்ரெனாவை இறக்கினார். அலுமினியக் குழாய்கள் பங்கர் கூரையால் நுழைந்து காற்றுக்குழாய் ஆயின, மழை இறங்காமல் உச்சியில் கவிழ்த்த ரின். செம்மண் சுவரில் இரண்டு மாடம் குடைந்தார். ஒன்றில் விளக்கு, மற்றதில் ஆச்சியின் பிள்ளையார் படம். மூலையில் ஒரு குழி, கார்த்திகை மழைத் தண்ணீர் வடிந்து சேர. ஆச்சி மட்டும் இறங்கமாட்டேன் என்று நின்றார். "உயிரோடை குழிக்குள்ளை இறங்கச் சொல்லுறியோ?" படி வழுக்கும் என்ற பயமும் இருந்தது. அடுத்த நாள் பார்த்தால், அப்புவின் றலிச் சைக்கிள் ஹாண்டில் பங்கர் வாசலில் பனங்குற்றியோடு இறுக்கப்பட்டிருக்கிறது, ஆச்சி பிடித்து இறங்க. மணியும் அதிலேயே. அன்றையிலிருந்து பொம்பர் இரைச்சல் கேட்டால் ஆச்சி வெற்றிலைப் பையோடு எல்லோருக்கும் முன்னம் போய்விடுவார். இறங்கினதும் ஒரு மணி. எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்க இரண்டாவது மணி. சகடைப் பொம்பர் திரும்பிப் போய்விட்டது என்று தனக்குத் தோன்றினால் மூன்றாவது.

சிரிப்பாக எழுதுகிறேன். உள்ளே இருந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. மண் அதிர்ந்து கழுத்துக்குள் விழும். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டில் பங்கரை எட்டமுன்னம் இரண்டு பேர் போனார்கள். உங்களுக்குத் தெரியும் எந்த வீடென்று.

இனி டைனமோ. அந்தச் சைக்கிளில் மிஞ்சியது பிறேமும் பின்சில்லும் பெடலும் செயினும்தான். அதை விறாந்தையில் தலைகீழாகக் கவிழ்த்து, கால் அசையாமல் இரண்டு கட்டையில் கட்டினார். ரயரோடு டைனமோவை அழுத்திவிட்டால் பெடலைக் கையால் சுற்றச் சுற்றக் கரண்ட். ஆனால் சைக்கிள் டைனமோ தருவது மாறுகிற கரண்ட், றேடியோ கேட்பது பற்றறி தருவதுபோல ஒரே பக்கம் ஓடுகிற கரண்ட். அப்படியே கொடுத்தால் றேடியோ உறுமும், அல்லது எரியும். நாலு டயோட் வேண்டும், ஒரு கப்பாசிற்றர் வேண்டும். கடையில் ஏது? சின்னையா பூச்சாடியை இறக்கி வைத்துவிட்டு ரீவியின் முதுகைத் திறந்தார். சின்னம்மா குசினி வாசலில் வந்து நின்றார். "இஞ்சேருங்கோ, கரண்ட் வந்தால்?" சின்னையா மறுமொழி சொல்லவில்லை. ஒரு நிமிடம் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு கழற்றத் தொடங்கினார்.

ஈயம் ஒட்டுகிற கோல் கரண்டில் வேலை செய்வது. அதற்கும் வழி கண்டார். தடித்த செப்புக் கம்பி ஒன்றின் முனையை அரத்தால் கூராக்கி, மரப்பிடி போட்டு, சிரட்டைக் கரித் தணலுக்குள் செருகி வைப்பார். முனை சூடேறியதும் எடுத்து, ஆச்சியிடம் கேட்டு வாங்கின குங்கிலியத்தில் ஒரு தொடுகை. சுர்ரென்று புகை எழும்பும். கோயில் வாசம். ரீவியின் பலகையிலிருந்து வழித்தெடுத்த ஈயம் வெள்ளி முத்தாக உருண்டு டயோட்டின் காலில் பிடிக்கும். தணல் ஆறமுன்னம் இரண்டு ஒட்டு, அவ்வளவுதான். திரும்பத் தணலுக்குள். நாலு டயோட்டைச் சதுரமாக ஒட்ட ஒரு பின்னேரம் போனது. நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

அதிலும் ஒரு நுணுக்கம் வைத்தார். சைக்கிளின் முன்விளக்குப் பல்ப்பையும் றேடியோவோடு சேர்த்துப் பூட்டிவிட்டார். அதுதான் எங்கள் மீற்றர். "பல்ப் மஞ்சளா எரிஞ்சால் காணும். வெள்ளையா வந்தால் கையை இளக்கு, றேடியோ போயிடும்." சுற்றுவது நாங்கள், பிள்ளைகள், முறை வைத்து. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. அதற்கு முன்னமே வேலிப் பொட்டுக்களால் சனம் வந்து சேர்ந்துவிடும். ஆனந்தி அக்காவின் குரல் தொடங்கினால் இருமல்கூட இல்லை. டைனமோவின் 'ட்ர்ர்ர்' மட்டும். அயலூரில் விழுந்த குண்டின் செய்தி லண்டனுக்குப் போய் எங்கள் விறாந்தைக்குத் திரும்பி வரும். கை உளைந்து சுற்று குறைந்தால் குரல் மெலியும். "டேய், சுத்தடா! இடத்தின்ரை பேர் சொல்லப் போறா!" முதுகில் ஒரு தட்டு விழும், இன்னொரு கை பெடலை வாங்கும்.

மற்றதெல்லாம் உங்கள் வீட்டிலும் இருந்ததுதான். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனைய மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் தொங்குகிற சின்னத் திரி. காற்று அணைக்காது, ஒரு கரண்டி எண்ணெய்க்குப் பாடம் முழுக்கப் படிக்கலாம், விடிய மூக்குக்குள் விரல் விட்டால் கரி. எங்கள் வீட்டில் திரி தாங்கின கம்பி அந்த றலியின் முன்சில்லுக் கம்பி. பனங்காயில் உடுப்புத் தோய்த்தோம், பழுத்த பனங்காய் மணம் வெள்ளைச் சட்டையை விட்டுப் போகாது, வகுப்பு முழுக்க அதே மணம் என்றபடியால் ஒருவருக்கும் வெட்கமில்லை. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்தோம், ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டோம். ஒஸ்ரின் கார்கள் ஸ்ராட் எடுக்க மட்டும் ஒரு மிடறு பெற்றோல் குடித்துவிட்டு மண்ணெண்ணெயில் வெள்ளைப்புகை கக்கிக்கொண்டு ஓடின. சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர். கரண்டும் மண்ணெண்ணெயும் இல்லாமல் மிசின்கள் தூங்க, துலாக்கள் திரும்பவும் கிறீச்சிட்டன. அப்புவுக்குத்தான் சந்தோசம்.

பிறகு 1995 ஒக்ரோபர் 30. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சந்தியில் சொல்லிக்கொண்டு போகிறது. ஆமி நெருங்குகிறது, எல்லோரும் தென்மராட்சிக்குப் போகவேண்டும், இரவுக்குள். மழை. சின்னம்மா அரிசியைக் கட்டுகிறார், ஐயா உறுதிப் பத்திரங்களைத் தேடுகிறார். சின்னையாவைக் காணவில்லை. பார்த்தால், ஜாம் போத்தல் விளக்கோடு பத்திக்கும் பங்கருக்கும் விறாந்தைக்குமாக ஓடித்திரிகிறார். பங்கர் வாசலில் ஹாண்டிலைக் கழற்றினார். தட்டின் அடியிலிருந்து ஹப்பையும் றிம்மையும் எடுத்தார். விளக்குகளிலிருந்த கம்பிகளை நிமிர்த்தினார், காணாததற்குக் கட்டுக்கம்பியை முறுக்கிப் பூட்டினார். டைனமோவிலிருந்து பிறேமை அவிழ்த்தார். ஐந்து வருடமாக வீடு முழுக்கச் சிதறிக் கிடந்த சைக்கிள், அந்த ஒரு இரவில் திரும்பச் சைக்கிளாகியது. முன்சில்லு நெளிந்து நெளிந்துதான் உருண்டது. அதன் பாரில் ஆச்சியை இருத்தி, கரியரில் அரிசியும் பாயும் கட்டி, செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலம் நோக்கி, இலட்சக்கணக்கான சனத்துக்குள் ஒரு அடி, பிறகு நிற்றல், பிறகு ஒரு அடி என்று தள்ளிக்கொண்டு போனோம். ஆச்சிக்குக் கைப்பிடி பழக்கமானது. இருட்டில் நாங்கள் விலகிவிட்டோமென்று தோன்றும்போதெல்லாம் மணியை அடித்தார்.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் யன்னல் இல்லை, கதவு இல்லை, பாதி ஓடு இல்லை. பத்தி விழுந்திருந்தது. பால்மா ரின்கள் மழைக்குள் கிடந்து எழுத்து உரிந்திருந்தன, ஆணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. சின்னையா ஒரு கிழமை இருந்து அவற்றைத் தட்டித் தட்டிப் பிரித்தார். ஆச்சி, நாங்கள் இடம்பெயர்ந்திருந்த மீசாலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது வளவுக்குப் போனால் அடையாளம் பிடிக்கமாட்டீர்கள். வேலி இல்லை, மதில். படலை இல்லை, றிமோட்டில் திறக்கிற கேற். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு மூடி, மோட்டர் வைத்து, கூரையில் கறுப்புத் தாங்கி. ஆர் எழும்பினார்கள் என்று அயலுக்குத் தெரியாது. யாழ்தேவி 2014இல் திரும்பி வந்துவிட்டது. சிலிப்பர் எல்லாம் கொங்கிறீற். பங்கர் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. போனமுறை போயிருந்தபோது கரண்ட் போய்விட்டது, கேற் திறக்கவில்லை. சின்னையாவின் பேரன், கணினி படித்த பிள்ளை, கம்பனிக்குப் போன் எடுத்தான். ரவுணிலிருந்து ஆள் வர இரண்டு மணித்தியாலமாம். நாங்கள் ஐந்தாறு பேர் கேற்றுக்கு உள்ளே கதிரை போட்டுக் காத்திருந்தோம். மோட்டரின் மூடியைக் கழற்றிப் பார்ப்போமா என்று நான் கேட்டேன். "அதிலை கை வைச்சால் வொறண்டி போயிடும், பெரியப்பா" என்றான். அவன் சொன்னதும் சரிதான். அப்படித்தான் செய்து விற்கிறார்கள்.

சண்டை ஓய்ந்த பிறகு பழைய இரும்புக்காரரின் லொறிகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை வந்தன. சின்னையா காலமாகி ஒரு வருடம் கழிந்திருக்கும். சின்னம்மாவுக்கு வீடு திருத்தக் காசு தேவை. ரின்களும் அலுமினியக் குழாய்களும் டைனமோவும் தராசில் ஏறின. றலி பிறேமும் ஏறியது. இரும்பு ஒரு விலை, அலுமினியம் ஒரு விலை, செம்பு ஒரு விலை. சின்னம்மாவைப் பிழை சொல்ல ஒன்றுமில்லை. வீடு நிமிர்ந்தது அந்தக் காசிலும்தான்.

அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று ஒருவரும் நேரக்கூடாது. நாங்கள் கெட்டிக்காரர் என்பதால் அப்படி வாழவில்லை, வேறு வழியில்லாமல் வாழ்ந்தோம். ஆனால் சின்னையா மாதிரி ஆட்கள் வழியிருந்த காலத்திலேயே அந்த விசர் வேலையைப் பழகி வைத்திருந்தார்கள். தடைவந்த பிறகு பழகத் தொடங்கியிருந்தால் எங்கள் விறாந்தையில் றேடியோ பேசியிருக்காது.

அவர்களில் மிஞ்சியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இணுவிலில் மட்டுமில்லை, ரொறன்ரோவில், லண்டனில், பாரிஸில், மகன் வீட்டு அறைகளில் இருக்கிறார்கள். சாமான்கள் போய்விட்டன, செய்முறை இன்னும் அவர்களின் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் இருந்து கேளுங்கோ. எதைக் கழற்றினீங்கள், எதில் பூட்டினீங்கள் என்று கேளுங்கோ. ஒரு கடதாசியும் பென்சிலும் கொடுத்துக் கீறிக் காட்டச் சொல்லுங்கோ. கீறினதில் திகதி போட்டு, அவரின் பெயரையும் எழுதிப் பத்திரமாக வையுங்கோ.